கிடைத்தால் அழைக்கவும்

ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் கடைசியில் சாவிக்காரர் முன்னால் வந்து நின்றுதான் ஆகவேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், நிமிர்த்தி வைத்த அலமாரி மாதிரி ஒரு கடை. அதற்குள் அவரும் ஒரு சாவி வெட்டும் இயந்திரமும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் கொக்கிகளில் தொங்கும். கனமான லாரி ஏதாவது தெருவில் போனால் அத்தனையும் சேர்ந்து கிலுகிலுவென்று சிரிக்கும்.

சாவியைத் தொலைத்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். சாவிக்காரர் சும்மா வெட்டித் தரமாட்டார். இயந்திரம் கீச்சிடக் கீச்சிட அவரும் கூடவே உபதேசம் செய்வார். பொருள் தானாகத் தொலைவதில்லை, முதலில் மனசு தொலைகிறது, பொருள் அதன் பின்னாலேயே போகிறது என்பார். எதை எங்கே வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வையுங்கள் என்பார். வந்தவர்களுக்கு வேறு வழி ஏது? சாவி அவர் கையில் இருக்கிறதே, தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூங்காவின் முட்புதருக்குள் தலையைக் கொடுத்து, பின்பக்கத்தை மட்டும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். உபதேசம் கேட்டவர்களில் யாராவது அந்தப் பக்கமாகப் போயிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. பூங்காவின் பின்பாதியில், மரங்களுக்கு நடுவே, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான கம்பங்களில் கூடைகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தூரத்தில் நின்று தட்டை வீசவேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசவேண்டும். சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழும்போது கொத்துச்சாவியைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் கேட்கும். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். சொல்வதற்கு எளிதுதான். ஆனால் அந்தத் தட்டு இருக்கிறதே, கையில் இருக்கும்வரை நம் பேச்சைக் கேட்கும். கையை விட்டதும் காற்றின் பேச்சைக் கேட்கும். ஐந்தாவது கூடைக்கு வலப்பக்கம் இருந்த அந்த முட்புதருக்கு வயிறு உண்டு என்றே விளையாடுகிறவர்கள் நம்பினார்கள். உள்ளே போன தட்டு எதுவும் வெளியே வந்ததாகக் கேள்வியில்லை.

இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மகள். கல்லூரியில் படித்தபோது ஒரு தோழியோடு சேர்ந்து ஆரம்பித்தாள். தோழி பாதியில் கழன்றுகொண்டாள். துணைக்கு ஆள் வேண்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். முதலில் அவருக்குப் பை தூக்குகிற உத்தியோகம். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து ஒன்றை எடுத்து வீசினார். அது மரத்தில் மோதித் திரும்பிப் பறந்துவந்து அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. மகள் சிரித்த சிரிப்பில் குளத்து வாத்துகள் ஒன்று மிச்சமில்லாமல் எழுந்து அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பின. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் பூங்காவில்தான்.

வீட்டில் அப்பாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் பேச்சு என்பது அம்மாவின் இலாகா, அவ்வளவுதான். பூங்காவில் பேசுவார்கள். முகத்தைப் பார்த்து இல்லை; தட்டு போகிற திசையைப் பார்த்து. காற்று இடப்பக்கம் தள்ளுகிறது, கொஞ்சம் சாய்த்துப் போடு என்று ஆரம்பிக்கும். அந்தச் சாக்கில், மேலே படிப்பதா வேலைக்குப் போவதா, அந்தத் தோழி ஏன் இப்போதெல்லாம் முகம் கொடுப்பதில்லை, அப்பாவுக்குச் சின்ன வயதில் ஓட்டுநர் ஆகத்தான் ஆசையாமே, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவர்கள் வீட்டுக் கூடம்.

படிப்பு முடிந்தது. இரவெல்லாம் ரயிலில் போனால் மறுநாள் மதியம் போய்ச் சேருகிற நகரத்தில் மகளுக்கு வேலை கிடைத்தது. பெட்டி நிறைந்துவிட்டது, தட்டுப் பைக்கு இடமில்லை. பையை அப்பாவின் தோளில் மாட்டிவிட்டு, “சும்மா வச்சு வேடிக்கை பாக்காதீங்கப்பா, விளையாடுங்க. ஆனா தொலைச்சிடாதீங்க” என்றாள். இந்த இரண்டு வார்த்தையில் ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும் என்று அவளுக்கும் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு தட்டின் அடியிலும், அந்த விளையாட்டுக்காரர்களின் வழக்கப்படி, அழியாத கறுப்பு மையில் எழுதி வைத்திருந்தாள்: ‘கிடைத்தால் அழைக்கவும்.’ கீழே அவளுடைய ஃபோன் எண்.

அதற்குப் பிறகு அவள் வாரத்தில் பல நாள் பேசினாள், அம்மாவோடு. அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அங்கே பேசியது போக மீதியை மகளுக்காகச் சேர்த்து வைத்திருப்பாள். உள்ளங்கை சுடும்வரை ஃபோன் பேசிவிட்டுக் கடைசியில், “இந்தா, அப்பாகிட்ட பேசு” என்று நீட்டுவாள்.

“சாப்டியாம்மா?”

“சாப்டேன்பா. நீங்க?”

“ஆச்சு. சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

இவ்வளவுதான். ஃபோனைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு நூறு விஷயம் தொண்டைக்கு வந்து நிற்கும். தானாக ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். “என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று அவள் பதறினாள். இல்லை, சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டார். சும்மா கூப்பிடுகிற பழக்கம் இல்லாதவர் சும்மா கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும்.

அந்த நாட்களில்தான் சிவப்புத் தட்டு புதருக்குள் போனது. கூட விளையாடிய பல் டாக்டர் கொஞ்சநேரம் குச்சியால் குத்திப் பார்த்தார். பல் டாக்டருக்கு இந்த மாதிரி இழப்புகள் உறைப்பதில்லை. “விழுந்த பல்ல திரும்ப ஒட்டவா முடியும்? விடுங்கண்ணே, வேற வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கூடைக்கு நடையைக் கட்டினார். சாவிக்காரரால் முடியவில்லை. புதரைத் திட்டினார். காற்றைத் திட்டினார். தட்டு விழுந்தபோது எந்தக் கிளை ஆடியது என்று பார்த்து வைக்காத தன் கண்ணைத் திட்டினார். சட்டையில் கிழிசலும் முழங்கையில் கீறலுமாக வீட்டுக்கு வந்தார்.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். “புலியா, பூனையா?” என்று கேட்டாள்.

தட்டு தொலைந்ததைச் சொன்னார். அதை ஏன் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வீசவில்லை என்று அவள் கேட்டாள். மகளிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சில நாள் கழிந்து ஒரு சாயங்காலம் அவருடைய ஃபோன் அடித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சாவியை உள்ளேயே விட்டவர்களைத் தவிர அந்த நேரத்தில் அவரை யாரும் தேடமாட்டார்கள். அப்படி யாரோ என்றுதான் எடுத்தார்.

“அப்பா, சிவப்ப எங்க தொலைச்சீங்க?”

சாவிக்காரருக்கு வேர்த்துவிட்டது. “யாரு சொன்னா?”

“நாய் கூட்டிட்டு நடக்கறவர் ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. நாய் புதருக்குள்ள பூந்து கவ்விட்டு வந்துச்சாம். என் நம்பர்தான அதுல இருக்கு? வாட்ச்மேன்கிட்ட குடுத்து வைக்கச் சொல்லிட்டேன். அஞ்சாவது கூடையா?”

“அஞ்சுதான்.”

“காத்தா?”

“காத்து இல்லம்மா. நான்தான் மணிக்கட்ட திருப்பிட்டேன்.”

“எத்தனை தடவை சொல்லிருக்கேன்? நீங்க சாவி திருப்பற மாதிரியே திருப்பறீங்கப்பா.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சாவி என்றதும் அவளுடைய அறைப் பூட்டு ஞாபகம் வந்தது. திறக்க மறுக்கிறதாம், எண்ணெய் விட்டாளாம். எண்ணெய் விடவே கூடாது, அழுக்குச் சேரும், பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் போடு என்று இவர் சொன்னார். அங்கிருந்து பேச்சு அறைத் தோழியிடம் போனது, அலுவலகத்துக்குப் போனது, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒற்றை மரத்துக்குப் போனது. அந்த மரத்தைத் தாண்டித் தட்டு வீச முடியுமா என்று அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்ற மனைவி, தன் வீட்டுக்காரர் இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் பேசி அன்றுதான் கேட்டாள். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தது. அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காவல் அறையில் சிவப்புத் தட்டை வாங்கிக்கொண்டு வரும்போது, விளிம்பில் நாயின் பல் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சாவிக்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. அதை நல்ல யோசனை என்று சொல்லமுடியாது.

தொலைப்பது அவ்வளவு சுலபமான காரியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். தற்செயலாகத் தொலைக்க யாராலும் முடியும். வேண்டுமென்றே, சரியானபடி தொலைக்கத்தான் திறமை வேண்டும். ரொம்ப மறைவாகப் போட்டால் ஒருவர் கண்ணிலும் படாது. ரொம்பப் பளிச்சென்று போட்டால், “அண்ணே, உங்க தட்டு!” என்று பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து கையில் திணித்துவிடுவார். அவர் தொழிலே உள்ளே இருப்பதைப் பிடுங்கி வெளியே எடுப்பதுதானே! அதனால் சாவிக்காரர் டாக்டரை முன்னால் போகவிட்டு, செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி குனிந்து, நீலத் தட்டைப் பெஞ்சுக்கு அடியில், விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி செருகினார். எழுத்து மேலே பார்க்கவேண்டும் என்பதில் கவனமாக இருந்தார். பிறகு ஒரு பாவமும் அறியாத முகத்தோடு நடந்தார்.

காலையில் ஓடுகிற ஒரு பெண் அதை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மகள் அவரைக் கூப்பிட்டாள். அந்தமுறை மேலதிகாரி பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளையைத் தொலைத்தபோது, அவள் தனியாக ஒரு படத்துக்குப் போய், பாதியில் பிடிக்காமல் எழுந்துவந்த கதை வந்தது. தொலைந்த தட்டுகள் காவல் அறைக்குத் திரும்பி வந்தன. “என்ன சார், உங்க கையில ஓட்டையா?” என்று வாட்ச்மேன் கேட்டார். கடையில் உபதேசம் நின்றுபோனது. யாராவது தலைகுனிந்து வந்தால், தொலைகிறது சகஜம்தான், அதற்கென்ன என்று சொல்லிப் பழைய வாடிக்கையாளர்களைத் திகைக்க வைத்தார்.

பச்சைத் தட்டோடு அதிர்ஷ்டம் மாறியது. அதைத் தாழ்ந்த கிளை ஒன்றின் கவட்டையில் சொருகிவிட்டு வந்தார். மறுநாள் அது அங்கே இல்லை. மகளிடமிருந்து அழைப்பும் இல்லை. ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு ஒருநாள் பூங்காவை ஒட்டிய தெருவில் போகும்போது தற்செயலாக நிமிர்ந்தார். இரண்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரில், தண்ணீர் நிரப்பி, குருவிகளுக்காக வைக்கப்பட்டிருந்தது பச்சைத் தட்டு. அதன் குழிக்குள், தண்ணீரில் முகம் புதைத்து, மகளின் கையெழுத்து இருக்கும். கழுத்து வலிக்கும்வரை நின்று பார்த்தார்.

“போய் கேட்டு வாங்கிட்டு வரவேண்டியதுதான?” என்றாள் மனைவி.

“குருவி குடிச்சிட்டு இருந்துச்சு” என்றார்.

அதோடு நின்றதா? மழைக்காலத்துக் காற்று சிவப்பை ஓர் உயரமான மரத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. இலைகளுக்கு நடுவில் பழம் மாதிரி தெரியும், கைக்கு எட்டாது. நீலம் குளத்துக்குள் போயிற்று. வெள்ளையைப் புல் வெட்டும் இயந்திரம் மென்று துப்பியது. இவையெல்லாம் நிஜமாகவே தொலைந்தவை. அவர் திட்டமிட்டுத் தொலைத்தபோது ஒழுங்காகத் திரும்பி வந்த தட்டுகள், தொலையவே கூடாது என்று நினைத்த நாளில் ஒவ்வொன்றாகக் கையை விட்டன. மழைக்குப் பயந்து பூங்காவில் ஆள் நடமாட்டமும் குறைந்தது. நாய்க்காரரைக்கூடக் காணோம். கண்டெடுக்க ஆள் இல்லாத இடத்தில் தொலைத்து என்ன பயன்?

அந்த நாட்களில் ஒருமுறை மனைவி ஃபோனை நீட்டினாள். சாப்பாட்டு விசாரணை முடிந்தது. அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று அவர் சொல்வதற்குள், “எதுவும் தொலைக்கலையாப்பா?” என்று மகள் கேட்டாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று சாவிக்காரர் நினைத்தார். “இல்லம்மா. பத்திரமா இருக்கு” என்றார்.

“ஓ… சரிப்பா.”

பத்திரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஆரஞ்சு. ஏழாவது கூடையில் ஒரே வீச்சில் மகள் போட்ட தட்டு அது. தன் முறைக்காகக் காத்திருக்கும்போது அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டே நிற்பாள். அந்தப் பல் தடம் இன்னும் இருந்தது. கட்டைவிரலை அதில் வைத்தால் அச்சாகப் பொருந்தும். சாவிக்காரர் அதை வீசியதே இல்லை. பையில் போட்டுக்கொண்டு போவார், கொண்டுவருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. பல் டாக்டர் வரவில்லை. சாவிக்காரர் தனியாகப் போனார். குளத்தங்கரைப் பெஞ்சில் ஆரஞ்சுத் தட்டை, எழுத்து மேலே தெரிய, வைத்தார். யாராவது வருவார்கள். யாரும் வராமலா போய்விடுவார்கள்? ஒரு தட்டு போனால் போகட்டும், ஒரு முறை பேசலாமே. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசல்வரை நடந்தார். வாசல் கம்பியைப் பிடித்ததும் அந்த மாடிச் சுவரில் இருந்த பச்சைத் தட்டு கண்முன் வந்தது. யாருக்கோ இதுவும் தண்ணீர்க் கிண்ணமாகிவிட்டால்? செடித்தொட்டிக்கு அடியில் போய்விட்டால்? அவளுடைய பல் தடத்தில் யாருடைய விரலோ பதியும்.

திரும்பினார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். ஈரச் செருப்பு சளப்சளப்பென்று அடிக்க அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்து வாத்துகள் வழிவிட்டன. தட்டு அங்கேயே இருந்தது. மேலே ஓர் இலை உட்கார்ந்திருந்தது. தட்டைச் சட்டையால் துடைத்து, சட்டைக்குள்ளேயே செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பேச்சு போனால் போகிறது, இதுவாவது இருக்கட்டும் என்று அன்று முடிவு கட்டிவிட்டார்.

பைக்குள் இருந்தால் மறுபடி பூங்காவுக்கு இழுக்கும் என்று மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோனார். கவிழ்த்துப் போடாமல் நிமிர்த்தி வைத்து, அதில் அரத்தையும் சின்னச் சின்னத் திருகாணிகளையும் போட்டுக்கொண்டார். மதியத்துக்குமேல் ஓர் அம்மாள் வந்தாள், இருந்த ஒரே வீட்டுச் சாவிக்கு ஒரு ஜோடி வேண்டுமென்று. பாதி வெட்டியிருப்பார். ஃபோன் அடித்தது. மகள்.

“அப்பா, ஆரஞ்ச தொலைச்சிட்டீங்களா?”

சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. அவருக்குக் கெடச்சிருக்காம். நேத்து.”

அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தட்டு இருந்தது. அதில் அரம் இருந்தது. திருகாணிகள் இருந்தன. விளிம்பில் பல் தடம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் எதையும் கண்டெடுக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அங்கே, அந்த ஒற்றை மரம் தெரிகிற ஜன்னல் ஓரத்தில், அவளுக்கும் சும்மா கூப்பிட வரவில்லை. எதுவும் தொலைக்கலையாப்பா என்று அன்று ஏன் அப்படிக் கேட்டாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

“ஆமாம்மா” என்றார். “போச்சு. எங்க கெடச்சுதாம்?”

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாற்றம். “குளத்துக்கிட்ட. இல்ல, குளத்துலயேதான். ஒரு வாத்து அது மேல ஏறி உக்காந்திருந்துச்சாம்.”

“வாத்தா?”

“முட்டை மேல உக்கார்ற மாதிரி. எழுந்திரிக்கவே மாட்டேன்னுச்சாம். அவர் ரொம்ப நேரம் கெஞ்சிருக்காரு.”

“எந்த வாத்து? கழுத்துல வெள்ளையா வளையம் இருக்குமே, அதா?”

“அதுதான்னு நெனைக்கறேன்பா.”

“அதாத்தான் இருக்கும். பிடிவாதக்காரி.” சாவிக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆளு எப்படி?”

ஆள் நல்லவர், ஆனால் ஊரில் இல்லை, தட்டை எடுத்துக்கொண்டே எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், அதனால் உடனே கொடுக்க முடியாது என்று அவள் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனாள். அவருக்கு மீசை உண்டா என்று இவர் விசாரித்தார். ஃபோனில் மீசை எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். பேச்சில் தெரியும் என்றார் இவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எதிரே நின்ற அம்மாள் சாவியைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள், சாவிக்காரரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவசரமில்லை என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“பூட்டு எப்படிம்மா இருக்கு?”

“பென்சில் தூள் போட்டேன். இப்ப வெண்ணெய் மாதிரி திறக்குது. ஆனா…”

“ஆனா?”

“உள்ள போனா யாரும் இல்லப்பா. ரூம்மேட் ஊருக்குப் போயிட்டா.”

சாவிக்காரர் கட்டைவிரலைப் பல் தடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தெருவில் ஒரு லாரி போயிற்று. சுவரில் தொங்கிய சாவிகள் கிலுகிலுத்தன. அது என்ன சத்தம், கூடையா என்று மகள் கேட்டாள். கூடைதான் என்று சொல்லிவிட்டார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணையாக இருக்கட்டும்.

“அந்த ஆள்கிட்ட சொல்லும்மா, தட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவர்கிட்டயே இருக்கட்டும். ஆனா மறந்துடப் போறாரு. நீ அப்பப்ப ஃபோன் பண்ணி விசாரிச்சிட்டே இரு. விசாரிச்சிட்டு, என்ன சொன்னாருன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவளுக்கும் புரிந்ததா இல்லையா என்று அந்த மூச்சை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“சரிப்பா. நாளைக்கே கேட்டுச் சொல்றேன்.”